காட்சியும் காரணமும்

ஊர்விட்டு ஊர் செல்லும் மனிதன் தான் கண்டவற்றைத் தன்னோடு கொண்டுவர விரும்புவது இயல்பு. முன்னாளிலே அவன் கையில் கோட்டுச் சித்திரப் புத்தகம் இருந்தது. பின்னர் புகைப்படக் கருவி வந்தது. இன்று கைத்தொலைபேசி வந்திருக்கிறது. சந்தைக் கூட்டம், கோயில் வீதி, படகுத்துறை, தெருவோரத்திலே கூடையுடன் குந்தியிருக்கும் கிழவி ஆகிய யாவும் படங்களாகின்றன. அவற்றைப் பிரயாண ஞாபகங்கள் என்கிறோம். பொழுதுபோக்கான இம்முயற்சிக்கும் கலை விமர்சனத்துக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவலாம். சிறுகதையும் நாவலும் சமுதாயத்தை எவ்வாறு நோக்குகின்றன என்பது பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஆனால் எமது மாணவர் நாவல் படிப்பதிலும் பார்க்கப் படம் பார்ப்பதிலேயே அதிக நேரம் செலவிடுகின்றனர்; நாள்தோறும் படங்களை ஆக்கவும் செய்கின்றனர். எனவே தெருவைப் படமாக்குவோன் எதைச் செய்கிறான் என்பது ஆசிரியர்களாகிய நாம் ஒதுக்கிவிடக்கூடிய வினாவன்று.

இத்துறை பற்றிப் பேசுவோர் வழக்கமாக எழுப்பும் பிரச்சினை ஒன்றுண்டு. கோட்டோவியம் சிறந்ததா, புகைப்படம் சிறந்ததா என்பதே அது. ஓவியத்தில் கலைஞனின் உள்ளம் கலந்திருக்கிறது, புகைப்படம் வெறும் யந்திரத்தின் வேலை என்பர் ஒரு சாரார். ஓவியன் கற்பனை செய்வான், கருவி பொய் சொல்லாது என்பர் மறு சாரார். இவ்விவாதம் கருவியைப் பற்றியதேயன்றிக் கலையைப் பற்றியதன்று. படமாக்குவோன் தெருவின் எப்பக்கத்தில் நிற்கிறான், யாருக்காகப் படமாக்குகிறான், அத்தெரு ஏன் அவ்வாறு இருக்கிறது என்பதை அறிய முயன்றானா என்பனவே கேட்கப்படவேண்டிய கேள்விகள். 1943 ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தின்போது தோன்றிய படைப்புகளை ஆதாரமாகக் கொண்டு இதனை ஆராய்வது பயனுடையது. ஒரே அவலத்தை, ஒரே காலத்தில், தூரிகையாலும் கருவியாலும் பதிவு செய்த கலைஞர்கள் அங்கே இருந்தனர். அவர்களுடைய சாதனையை உணர்வதற்கு அவர்களுக்கு முன் இந்தியாவைப் படமாக்கியோர் என்ன செய்தனர் என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

தோமஸ் டானியலும் அவர் பெறாமகன் வில்லியம் டானியலும் 1786 ஆம் ஆண்டு கல்கத்தாவில் வந்திறங்கிய ஆங்கில ஓவியர்கள். 1793 வரை இந்தியாவின் வடக்கிலும் தெற்கிலும் நெடும் பிரயாணங்கள் செய்து, வழிநெடுகச் சித்திரங்கள் வரைந்தனர். உருவை ஒளியினாலே தாளில் விழச் செய்யும் இருட்டறைப் பெட்டியையும் அவர்கள் துணையாகக் கொண்டனர். இங்கிலாந்துக்குத் திரும்பியபின் 1795 இற்கும் 1808 இற்கும் இடையில் 144 படங்களைக் கொண்ட பெருந்தொகுதியை வெளியிட்டனர். கோபுரங்களின் அளவும் ஆற்றங்கரைகளின் ஒளியும் அவற்றிலே நுணுக்கமாகப் பதிந்துள்ளன. இத்திறமையை எவரும் மறுக்கமுடியாது. ஆனால் அப்படங்களிலே மனிதர் எவ்வாறு தோன்றுகின்றனர்? கோபுரத்தின் உயரத்தை உணர்த்தும் அளவுகோலாகவும், மரத்தடி வெறுமையை நிரப்பும் அணியாகவுமே பெரும்பாலும் தோன்றுகின்றனர். அவ்விருவரும் வந்திறங்குவதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1770 ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், வங்காள மக்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் மாண்டனர் எனக் கம்பெனியின் அதிகாரிகளே கணித்திருந்தனர். அப்பஞ்சத்திலும் வரி தண்டிய கம்பெனியைச் சார்ந்த கனவான்களும் அவர்தம் உறவினருமே அப்படங்களை வாங்கக்கூடியவர்கள். வாங்குவோர் விரும்பாததை ஓவியர் காணவில்லை. அழகிய காட்சி என்ற சட்டத்துக்குள் பாழடைந்த மண்டபத்துக்கு இடமிருந்தது. பாழடைந்த கிராமத்துக்கு இடமிருக்கவில்லை.

நூறாண்டு சென்றது. புகைப்படக் கருவி வந்தது. அழகை மட்டும் நாடிய கண் மாறி, துன்பத்தையும் காணும் கண் தோன்றிவிட்டது எனலாமா? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம் உட்படத் தென்னிந்தியாவைச் சூறையாடிய பஞ்சத்தை வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்னும் இராணுவ அதிகாரி படம் பிடித்தார். அப்பஞ்சத்தில் இறந்தோர் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் என்பர். விலா எலும்பு தெரியும் உடல்களைக் குழுக்குழுவாக நிறுத்தியும் இருத்தியும் குடும்பப் படம் எடுப்பதுபோல ஒழுங்குபடுத்தி அவர் எடுத்த படங்கள் இன்றும் நூல்களிலே காணக்கிடைக்கின்றன. பார்ப்பவர் உள்ளம் பதைக்கும். ஆனால் அவர்கள் யார், எந்த ஊரவர், என்ன தொழில் செய்தவர் என்பதற்கு அப்படங்களில் விடையில்லை. அக்காலத்திலே நிவாரண வேலை செய்த கூலிகளுக்கு நாளொன்றுக்கு ஒரு இறாத்தல் தானியம் போதுமென்று சேர் ரிச்சர்ட் டெம்பிள் என்னும் அதிகாரி விதித்தார். நாட்டிலே சனங்கள் மாண்டுகொண்டிருக்கத் துறைமுகங்களிலே தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. ஹூப்பரின் படம் எலும்பைக் காட்டுகிறது. அந்த ஒரு இறாத்தலையும் அந்தக் கப்பலையும் காட்டவில்லை. டானியல்கள் தெருவிலிருந்து இன்பத்தை எடுத்துச் சென்றனர். ஹூப்பர் இரக்கத்தை எடுத்துச் சென்றார். இரண்டிலும் எடுத்துச் செல்வோனே முதன்மை பெறுகிறான்.

இவ்விடத்தில் ஒன்றைக் குறித்து வைத்தல் வேண்டும். சென்னை மாகாணத்திலிருந்து பசிக்குத் தப்பி இலங்கையின் மலைத் தோட்டங்களை நோக்கி நடந்தவர்கள் இப்பஞ்ச ஆண்டுகளிலே பெருந்தொகையினராயினர். அவர்கள் பற்றிய படங்களுக்கு இக்கட்டுரையின் இறுதியில் வருவோம்.

1943 இன் வங்காளத்தை இனி நோக்கலாம். அப்பஞ்சம் வானம் பொய்த்ததால் மட்டும் வந்ததன்று. 1942 இல் யப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதும் பர்மா அரிசி நின்றது. எதிரியின் கையில் அகப்படலாகாதெனக் கரையோர மாவட்டங்களில் நெல்லையும் படகுகளையும் பிரித்தானிய அரசு அகற்றியது. படகை இழந்த மீனவனும் ஆற்றைக் கடந்து பயிர் செய்தவனும் பிழைப்பிழந்தனர். 1942 ஒக்டோபர் 16 ஆம் நாள் வீசிய சூறாவளியும் கடற்பெருக்கும் மிதினாப்பூர் மாவட்டத்தை அழித்தன. போர்ச் செலவினாலே பணம் பெருகிற்று, விலை ஏறிற்று, வியாபாரி பதுக்கினான். நிலமற்ற கூலியின் சம்பளம் மட்டும் ஏறவில்லை. மாண்டோர் தொகையை அரசாங்க விசாரணைக் குழு 1945 இல் பதினைந்து இலட்சமெனக் கணித்தது. பின்வந்த ஆய்வாளர் பலர் முப்பது இலட்சமளவில் என்பர்.

அவ்வாண்டு நடுப்பகுதியில் கிராமத்தவர் கல்கத்தா வீதிகளை நாடி வந்தனர். அவர்கள் சோறு கேட்கவில்லை. வீட்டு வாயில்களில் நின்று வடித்த கஞ்சியைக் கேட்டனர். நடைபாதைகளில் விழுந்து இறந்தனர். போர்க்காலத் தணிக்கையின் கீழ் பஞ்சத்தைப் பற்றி வெளிப்படையாக எழுதுவது எளிதாயிருக்கவில்லை. 1943 ஓகஸ்ட் 22 ஆம் நாள், ஆங்கிலேயருக்குச் சொந்தமான ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையின் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ், கல்கத்தாத் தெருக்களிலே எடுத்த புகைப்படங்களை வெளியிட்டார். அதுவரை செய்தியை மறுத்து வந்தோர் படத்தை மறுக்க முடியவில்லை. உலகத்தின் கவனம் வங்காளத்தின்மீது திரும்பியது. அவ்வாண்டு ஒக்டோபரிலே புதிதாகப் பதவியேற்ற இராசப்பிரதிநிதி வேவல் கல்கத்தா சென்று தெருக்களை நேரிற் கண்டபின் நிவாரணத்தில் இராணுவம் ஈடுபடுத்தப்பட்டது. புகைப்படத்தை யந்திர வேலையென ஒதுக்குவோர் இந்நிகழ்ச்சியை மனங்கொள்ளல் வேண்டும். மறைக்கப்பட்ட உண்மைக்குச் சாட்சி சொல்வதில் அதற்கு நிகரானது வேறில்லை. ஆனால் சாட்சி சொல்வது ஒன்று, வழக்கை விளக்குவது வேறொன்று. பத்திரிகைப் படத்திலே நடைபாதைப் பிணம் தெரிந்தது. அப்பிணம் எந்த வயலிலிருந்து, எதனால் விரட்டப்பட்டு அங்கு வந்ததென்பது தெரியவில்லை. அதை அறிய வேண்டுமாயின் தெருவிலிருந்து புறப்பட்டுக் கிராமத்துக்குச் செல்லவேண்டியிருந்தது.

அவ்வாறு சென்றவர்களுள் ஒருவர் சுனில் ஜானா. 1918 இல் பிறந்து கல்கத்தாவிலே ஆங்கில இலக்கியம் பயின்றுகொண்டிருந்த இளைஞரை, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராயிருந்த பி. சி. ஜோஷி, பஞ்சம் பாதித்த இடங்களுக்குத் தம்மோடு அழைத்துச் சென்றார். ஜானாவின் படங்கள் கட்சியின் வாரப் பத்திரிகையாகிய ‘மக்கள் யுத்த’த்தில் கட்டுரைகளுடன் வெளிவந்தன. ஹூப்பரின் கருவிக்கும் ஜானாவின் கருவிக்கும் இடையே எழுபது ஆண்டுத் தொழில்நுட்ப வளர்ச்சி உண்டு என்பது உண்மையே. ஆயினும் முக்கியமான வேறுபாடு கருவியிலன்று. ஹூப்பரின் மனிதர் கருவியின் முன் வரிசையாக்கப்பட்டவர்கள். ஜானாவின் மனிதர் தாம் இருக்கும் இடத்திலேயே இருக்கின்றனர்; தாய் பிள்ளையைத் தாங்குகிறாள், வரிசையில் நிற்போர் முகங்கள் வெவ்வேறாயிருக்கின்றன. ஜானாவிடம் அழகுணர்ச்சி மிகுதி. ஒளியையும் நிழலையும் அவர் தேர்ந்தே கையாண்டார். துன்பத்தை அழகாகக் காட்டலாமா என்ற கேள்வி இங்கே எழுகிறது. பார்ப்பவன் படத்தின் அழகோடு நின்றுவிடும் ஆபத்து உண்டு என்பதே எமது எண்ணம். ஜானாவை அவ்வாபத்திலிருந்து காத்தது அவரது படத்தின் அருகே அச்சிடப்பட்ட கட்டுரை. அரிசி எங்கே போயிற்று, யார் பதுக்கினார், எந்த ஊரில் எத்தனை கஞ்சித்தொட்டி திறக்கவேண்டும் என்று எழுதிய பத்திரிகையிலே அப்படம் இருந்தது. அங்கிருந்து வெட்டி எடுத்துச் சுவரிலே தொங்கவிட்டால் அது வேறு படமாகிவிடும்.

ஓவியர்களுள் சித்தப்பிரசாத்தை முதலிற் கூறவேண்டும். 1915 இல் பிறந்த அவர் கலைக்கல்லூரியில் முறையாகப் பயிலாதவர். கட்சிக்குச் சுவரொட்டி வரைந்தவர். 1943 நவம்பரிலே மிதினாப்பூர் மாவட்டத்தில் ஊரூராகத் திரிந்து, கண்டவர்களைக் கறுப்பு மையினாலே வரைந்து, கேட்டவற்றை எழுதினார். ‘பசித்த வங்காளம்’ என்னும் பொருள்படும் பெயருடன் அது சிறு நூலாக வெளிவந்தது. மிதினாப்பூர் மாவட்டத்தினூடாக ஒரு பிரயாணம் என்றே அந்நூல் தன்னை அறிமுகஞ் செய்கிறது. பிரயாணக் கட்டுரையும் பிரயாணச் சித்திரமும் சேர்ந்த நூல்தான் அது. டானியல்களின் தொகுதி எந்த வகையைச் சேர்ந்ததோ அதே வகை. ஆனால் உள்ளடக்கத்திலே நேர்மாறானது. சித்தப்பிரசாத் தாம் வரைந்தவர் பலரின் பெயரை எழுதினார், ஊரை எழுதினார், நிலமும் மாடும் பாத்திரமும் எவ்வாறு கைமாறின என்பதைக் கேட்டு எழுதினார். பெயர் எழுதுவது சிறு செயலாகத் தோன்றலாம். ஆனால் பெயர் அறிவதற்கு ஓவியன் நின்று பேசவேண்டும். பேசினால் கதை வெளிவரும். கதை வெளிவந்தால் கடன்காரனும் அதிகாரியும் அதில் வந்தே தீருவர். பிரித்தானிய அரசு அந்நூலின் பிரதிகளைக் கைப்பற்றி அழித்தது. கல்கத்தாப் பத்திரிகைப் படங்களைப் பொறுத்துக்கொண்ட அரசு இந்நூலைப் பொறுக்கவில்லை. கட்சி வெளியீடு என்பது அதற்கொரு காரணமாயிருக்கலாம். ஆனால் பட்டினியைக் காட்டியதோடு நில்லாமல் பட்டினிக்குக் காரணமானவரையும் காட்டிய நூல் அது என்பதை மறத்தலாகாது.

ஜைனுல் ஆபெதீன் வேறுவகைக் கலைஞர். 1914 இலே இன்றைய பங்களாதேசத்திற் பிறந்து, கல்கத்தா அரசினர் கலைக்கல்லூரியிற் கற்று, அங்கேயே ஆசிரியராக இருந்தவர். 1943 இல் அவர் கல்கத்தாத் தெருக்களை வரைந்தார். போர்க்காலத்தில் மலிவாகக் கிடைத்த பொதிகட்டும் தாளிலே, உலர்ந்த தூரிகையாற் கறுப்பு மையைத் தீட்டி வரைந்த சித்திரங்கள் அவை. பின்னணி இல்லை; கட்டடம் இல்லை; தெரு என்பதற்கு ஒரு குப்பைத் தொட்டி மட்டுமே சான்று. மனிதனும் காகமும் நாயும் ஒரே மட்டத்தில், ஒரே உணவுக்காக நிற்கின்றனர். உலர்ந்த தூரிகையின் பிசிறு, தோலின் வறட்சியாகவே மாறிவிடுகிறது. புகைப்படத்தால் இதைச் செய்ய முடியாது. கருவி தன் முன்னுள்ள அனைத்தையும் பதியும். ஓவியனோ வேண்டாதவற்றை நீக்கி, நகரம் அம்மனிதனை எவ்வாறு நீக்கிவிட்டதோ அவ்வெறுமையையே காட்டினான். உருவமும் உள்ளடக்கமும் ஒன்றாதல் என்று நாம் இலக்கிய விமர்சனத்தில் அடிக்கடி கூறுவதற்கு இதனினும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

ஆனால் ஜைனுலின் சித்திரங்களிலே பெயரில்லை, ஊரில்லை, காரணமில்லை. இதனை வைத்து எம்மோடு வாதிடுவோர் உண்டு. மிகச் சிறந்த சித்திரத்துக்கு விளக்கம் தேவையில்லை. காரணம் தேடுவது சரித்திர ஆசிரியனின் வேலை, கலைஞனின் வேலையன்று என்பர் அவர்கள். இவ்வாதத்தை இலேசாகத் தள்ளிவிடக்கூடாது. குப்பைத் தொட்டியருகே குனியும் அம்மனிதனை எந்த நாட்டவனும் உணர்வான் என்பது உண்மை. ஆனால் எதை உணர்வான்? மழை பெய்யவில்லைப் போலும், விளையவில்லைப் போலும், பாவம் என்றுதான் உணர்வான். 1981 இல் வெளியான தமது ஆராய்ச்சி நூலிலே அமர்த்தியா சென், 1943 இல் வங்காளத்தில் இருந்த உணவு அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளின் சராசரியிலும் ஏறக்குறைய 5 வீதமே குறைவென்றும், பஞ்சமில்லாத 1941 ஆம் ஆண்டிலும் பார்க்க 13 வீதம் அதிகமென்றும் கணித்துக் காட்டினார். உணவு இருந்தது, அதை வாங்கும் வலிமை கூலிக்கும் மீனவனுக்கும் இல்லாமற்போயிற்று. இதனை எந்த விலா எலும்பும் சொல்லாது. காரணத்தை அறியாத இரக்கம் இறுதியில் வானத்தைக் குற்றஞ்சாட்டும்; குற்றவாளி தப்பிவிடுவான்.

ஜைனுல் வரைந்த காலத்திலே இக்குறை தோன்றவில்லை. ஏலா சென் பஞ்சத்தைப் பற்றி எழுதி 1944 இல் வெளியிட்ட நூலில் அவை எழுத்தோடு சேர்ந்து வந்தன. அன்றைய வாசகன் தெருவில் இறங்கினால் அரிசி விலையை அறிவான். எண்பது ஆண்டுகளின் பின் காட்சிச்சாலையிலே கண்ணாடிக்குள் அவற்றைக் காண்பவனுக்குத்தான் அச்சுற்றம் அறுந்துபோயிற்று. எனவே குறை சித்திரத்தினது அன்று. அதனை எழுத்திலிருந்தும் வரலாற்றிலிருந்தும் பிரித்து வைத்த எமது பழக்கத்தினது. சித்திரத்தைச் சிறப்பிப்பதாக எண்ணிக்கொண்டு அதன் அரைவாசியை நாம் இழந்துவிடுகிறோம்.

முற்போக்காளர் என்ற முறையில் இன்னொன்றையும் ஒளிக்காமற் கூறுதல் வேண்டும். 1941 இல் ஜேர்மனி சோவியத் யூனியன்மீது படையெடுத்தபின் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அப்போரை மக்கள் யுத்தம் என ஏற்றது. 1942 ஓகஸ்டில் எழுந்த ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தை எதிர்த்தது. ஆகவே அதன் பத்திரிகை பதுக்கற்காரரையும் திறமையற்ற அதிகாரிகளையும் சாடிய அளவுக்குப் போர்க் கொள்கையின் அடிப்படையைச் சாடவில்லை. படகுகளையும் நெல்லையும் அகற்றியது அப்போரின் பெயரால் என்பதை நினைக்க, இது சிறிய எல்லையன்று. காரணம் தேடும் கலைஞன் தன் அணியினர் சுட்டும் காரணத்தோடு நின்றுவிடவும் கூடும். அக்கலைஞர்களின் பெருமையை இது குறைக்காது. ஏனெனில் மிதினாப்பூரிலே அவர்கள் கேட்டு எழுதிய மனிதர் கதைகள் கட்சியின் நிலைப்பாட்டிலும் விரிந்தவை. தாம் கண்டதை நேர்மையாகப் பதிந்தவனின் படைப்பு, அவன் கொண்ட முடிவுக்கு அப்பாலும் பயன்படும்.

பஞ்சப் படங்கள் யாவற்றுக்கும் பொதுவான மற்றொரு எல்லை உண்டு. அவற்றிலே மனிதன் துன்புறுபவனாக மட்டுமே தோன்றுகிறான். இவ்வெல்லையைக் கடந்தவர் சோம்நாத் ஹோர். 1921 இற் பிறந்த இவர், சித்தப்பிரசாத்தின் ஊக்கத்தினால் 1943 இலே பஞ்சத்தை வரையத் தொடங்கியவர். 1946 டிசம்பரில் கட்சி அவரை வட வங்காளத்து ரங்கப்பூருக்கு அனுப்பியது. அங்கே வாரக்குடிகள் விளைவிலே தமக்கு மூன்றிலிரண்டு பங்கு வேண்டுமெனக் கிளர்ந்தெழுந்திருந்தனர். நெற்கதிரை நிலவுடைமையாளனின் களத்துக்குக் கொண்டுசெல்லாமல் தமது களத்துக்கே சுமந்தனர். ஹோர் அவர்களோடு தங்கி, நாட்குறிப்பும் சித்திரமுமாகப் பதிவு செய்தார். கதிர் அறுப்போர், கூட்டத்தில் பேசுவோர், இரவிலே காவல் நிற்போர், விறைப்பான குளிரில் நெருப்பைச் சுற்றியிருப்போர் ஆகியோர் அந்நாட்குறிப்பில் வாழ்கின்றனர். மூன்றாண்டுகளுக்கு முன் கஞ்சிக்கு ஏந்திய கைகள் எவ்வர்க்கத்தின் கைகளோ, அவ்வர்க்கத்தின் கைகளே இங்கு அரிவாள் பிடித்திருக்கின்றன. பஞ்சச் சித்திரங்களை மட்டும் பார்த்தவன் வங்காள விவசாயியை அரைவாசியே அறிவான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவனுக்கே பசித்தவன் சிந்திப்பவனும் என்பது விளங்கும்.

இனி எமது நாட்டுக்கு வருவோம். சென்னைப் பஞ்சத்துக்குத் தப்பி வந்தோரின் வழித்தோன்றல்கள் வாழும் மலையகம், இலங்கையிலே மிக அதிகமாகப் படமாக்கப்பட்ட பிரதேசங்களில் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துத் தபாலட்டைகளிலேயே கூடை சுமந்த பெண் வந்துவிட்டாள். படத்தின் கீழே அவள் பெயர் இராது. ‘தமிழ்க் கூலி’ என்றோ ‘கொழுந்து பறிப்பவள்’ என்றோ இருக்கும். இன்றைய உல்லாசப் பிரயாண விளம்பரத்திலும் தேயிலைப் பெட்டியிலும் அதே பெண், அதே கூடை, அதே புன்னகை. பச்சை மலைச்சரிவு அழகானது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அப்பெண்ணின் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டே வாக்குரிமையும் பறிபோயிற்று. நாடற்றவராக எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003 வரை செல்லவேண்டியிருந்தது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவென்பது நீண்ட போராட்டத்தின் பின் 2021 இலேதான் சட்டப்படி விதிக்கப்பட்டது. இவ்வளவு காலமும் அவளைப் படமெடுத்துக் கொண்டேயிருந்தார்கள். நாடற்றிருந்த பெண்ணின் முகம் நாட்டின் அடையாளமாக உலகெங்கும் சென்றது. இதிலும் பெரிய முரண்பாட்டைச் சரித்திரத்தில் காண்பது அரிது.

எமது பாடசாலைகள் ஆண்டுதோறும் மாணவரைக் கல்விச் சுற்றுலாவாக மலைநாட்டுக்கு அழைத்துச் செல்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கொழும்பிலிருந்தும் செல்லும் மாணவர் பஸ்ஸின் யன்னலூடாகவும் பாதையோரத்தில் இறங்கியும் அதே கூடையைப் படமெடுத்துத் திரும்புகின்றனர். மொழி ஒன்றாயிருந்தும் அப்பெண்ணோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்நியத் துரை எங்கே நின்று படமெடுத்தானோ அவ்விடத்திலேயே எமது பிள்ளைகளும் நிற்கிறார்கள் என்பது வருத்தந் தருவது. அதற்குப் பொறுப்பு பிள்ளைகளினது அன்று. பார்ப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டுமென்பதை அவர்களுக்கு எந்தப் பாடமும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்பயிற்சியைத் தொடங்குவதற்குப் புதிய பாடத்திட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. சுற்றுலாவுக்கு முன் ஒரு பாடவேளையிலே ஹூப்பரின் படமொன்றையும் சித்தப்பிரசாத்தின் சித்திரமொன்றையும் அருகருகே வைத்து, இரண்டிலும் யாருடைய பெயர் தெரிகிறதென மாணவரைக் கேட்கலாம். சுற்றுலாவின்போது, படமெடுக்க விரும்பும் மாணவன் முதலில் அனுமதி கேட்கட்டும். மறுத்தால் கருவியை மூடட்டும். இசைந்தால் இருந்து பேசட்டும். ஒரு நாளில் எத்தனை கிலோ கொழுந்து பறிக்கவேண்டும், குறைந்தால் சம்பளத்துக்கு என்ன ஆகும், லயத்தில் ஓர் அறையில் எத்தனை பேர், பிள்ளைகள் எவ்வளவு தூரம் நடந்து பாடசாலை செல்கின்றனர் என்று கேட்டு எழுதட்டும். வரையக்கூடியவன் வரையட்டும், அரை மணி நேரம் ஒருவர் முன்னிருந்து வரைபவன் அவரோடு பேசாமலிருக்க முடியாது, கோட்டோவியத்தின் பெரும் பயன் அதுவே. எடுத்த படத்தின் பிரதி ஒன்று அவர்களுக்கே திரும்பிப் போகட்டும். தம்மைப் பற்றிய படத்தைத் தாமே பார்த்து, இது சரி, இது தவறு என்று சொல்லும் உரிமை படமாக்கப்பட்டவர்களுக்கு உண்டு.

இவ்வாறு செய்தால் நூறு படம் எடுக்கும் மாணவன் நாலு படமே எடுப்பான். அந்த நாலு படங்களும் இருபது ஆண்டுகளின் பின்னும் எதையாவது சொல்லும். தபாலட்டைப் பெண்ணுக்குப் பெயர் இல்லாமற்போனது, அவளுக்குப் பெயர் இல்லாததாலன்று; கருவி பிடித்தவன் கேளாததால்தான். எமது மாணவர் கேட்கட்டும்.